நண்பனைப் பார்க்க வருகிறாயா, ஊரைப் பார்க்கவா?

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கேள்விகள் வந்து சேர்ந்தன. கல்லூரி விடுதியில் உன்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதனைப் பார்க்க டிசம்பரில் புனே வருகிறாய். அவன் வீட்டில் தங்குவதா, ஓட்டலில் தங்குவதா? என்ன வாங்கி வருவது? இத்தனை வருஷம் கழித்து என்ன பேசுவது? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கூடவே ஒரு பட்டியலையும் அனுப்பியிருக்கிறாயே, அதைப் பார்த்துத்தான் சிரித்தேன். சனிவார்வாடா, சிங்ககட் கோட்டை, ஆகா கான் மாளிகை, லோனாவ்லா, ‘முடிந்தால்’ மகாபலேஷ்வர், கயானி பேக்கரி, வைஷாலி ஓட்டல். இவற்றுக்கு நடுவே, ‘வியாழன் இரவுச் சாப்பாடு, அவன் வீட்டில்.’ கலிபோர்னியாவிலிருந்து பாதி பூமியைச் சுற்றி வருகிறவன், யாரைப் பார்க்க வருகிறானோ அவனுக்கு ஒரு வேளைச் சோற்று நேரத்தை ஒதுக்கியிருக்கிறான்!

“அங்கேயெல்லாம் அவனையும் கூட்டிக்கொண்டுதானே மாமா போகப் போகிறேன்” என்பாய். தெரியும். அது இன்னும் மோசம். சனிவார்வாடா 1732இல் கட்டி முடித்த பேஷ்வாக்களின் அரண்மனை. 1828இல் தீப்பிடித்து எரிந்தது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது மதிலும் வாசலும் தோட்டமும்தான். புனேயில் குடியிருக்கிறவன் அங்கே போவது வெளியூர் விருந்தாளி வந்தால் மட்டுமே. உன் சிநேகிதன் மாமனார் வந்தபோது ஒரு தரம், ஆபீஸ்காரர்கள் வந்தபோது ஒரு தரம் போயிருப்பான். உன்னோடும் வருவான். முகம் சுளிக்க மாட்டான். வேண்டாமென்று உன்னிடம் சொல்லவும் மாட்டான். அதனால் நான் சொல்கிறேன்.

நான் இந்த ஊரிலேயே தலை நரைத்தவன். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர்களை வரவேற்று, சுற்றிக்காட்டி, வழியனுப்பிப் பழகியவன். வருகிறவன் கட்சியை நீ பேசு. வீட்டுக்காரன் கட்சியை நான் பேசுகிறேன்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒரு புனேக்காரரோடு சிநேகம் வைத்திருந்த ஒருவரை உனக்கும் தெரியும். காந்திதான். 1896இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்தவர், அங்குள்ள இந்தியர்களின் குறைகளைச் சொல்ல இந்த ஊருக்கு வந்தார். திலகரைப் பார்த்தார், பண்டார்கரைப் பார்த்தார், பெர்குசன் கல்லூரிக்குப் போய் கோகலேயைப் பார்த்தார். கோகலே மூன்று வயதுதான் மூத்தவர். பார்த்தவுடனே இருவருக்கும் பிடித்துப்போனது. என்றாலும் அது அறிமுகம்தான். சிநேகம் வேர்பிடித்தது 1901 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் முடிந்த பிறகு. அங்கே கிளப்பில் தங்கியிருந்த காந்தியைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போய் ஒரு மாதம் வைத்துக்கொண்டார் கோகலே. அந்த மாதத்தில் அப்படி என்ன நடந்தது என்று தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள், அவர்களோடு கோகலே எப்படிப் பேசுகிறார், எப்போது வேலை செய்கிறார், ஏன் நடக்கப் போவதில்லை – இதையெல்லாம் காந்தி பக்கத்திலிருந்து பார்த்தார். கோகலே தன்னைத் தம்பியைப் போல நடத்தினார், தன்னிடம் எதையும் மறைக்கவில்லை என்று காந்தி பின்னாளில் எழுதினார்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: சிநேகிதனுடைய சாதாரண நாளுக்குள் போய் உட்கார். அவனுடைய விசேஷ நாளாக நீ ஆகாதே.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கூப்பிட்டால் அவன் வீட்டில்தான் தங்க வேண்டும். “இரண்டு படுக்கையறை வீடு, அப்பா வேறு இருக்கிறார், பையனுக்குப் படிப்பு, தொந்தரவாகிவிடுமே” என்கிறாய். ஓட்டல் தொந்தரவில்லை என்று உனக்கு யார் சொன்னது? நீ கோரேகாவ் பார்க்கில் அறை எடுப்பாய். அவன் வீடு வாகட்டில், ஆபீஸ் ஹிஞ்சவடியில். மாலையில் ஹிஞ்சவடியை விட்டு வெளியே வருவதே ஒரு நாள் வேலைக்குச் சமம். அதற்கப்புறம் ஊரின் மறுகோடிக்கு வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டு, ராத்திரி திரும்பக் கொண்டுவிட்டு வருவான். “நானே டாக்சியில் போய்க்கொள்கிறேன்” என்று நீ சொன்னால் விடுகிற ஆளா அவன்? அவன் வீட்டு ஹாலில் ஒரு பாயை விரித்துப் படுத்தால் அவனுக்கு மிச்சமாகிற நேரத்தைக் கணக்குப் பார்.

ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. ‘வரலாமா’ என்று கேட்காதே. வரலாமா என்று கேட்டால் நம் வீடுகளில் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ‘எந்த வாரம் சௌகரியம்’ என்று கேள். உடனே பையனின் பரீட்சை, மாமியார் வருகை, ஆபீஸ் ரிலீஸ், அப்பாவின் கண் ஆபரேஷன் எல்லாம் வெளியே வரும். பிறகு அவன் மனைவியிடம் தனியாக இதையே கேள். “அவருக்குச் சரி என்றால் எனக்கும் சரி” என்று அந்தப் பெண் சொன்னால் சரியில்லை என்று அர்த்தம், தேதியை மாற்று. வீட்டில் யாராவது உடம்பு முடியாமல் படுத்திருந்தால் மட்டும் ஓட்டல் எடுத்துக்கொள். அதையும் நடந்து போகிற தூரத்தில் எடு.

வந்து சேர்வதைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. அதில்தான் எல்லோரும் முதல் பாரத்தை ஏற்றிவைப்பது. புனேயின் லோஹகாவ் விமான நிலையம் விமானப்படைத் தளத்தோடு ஒட்டியது. வெளிநாட்டு விமானங்கள் அங்கே மிகக் குறைவு. நீ பெரும்பாலும் மும்பையில் நடுநிசியில் இறங்குவாய். அவன் “நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்” என்பான். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். நீ விமானத்தில் தூங்கிவிட்டு வருவாய். அவன் ஆபீஸ் முடித்துவிட்டு, ராத்திரி கண்டாலா மலைப்பாதையில் லாரிகளுக்கு நடுவே இறங்கி, உன்னோடு திரும்ப ஏற வேண்டும். வாசலிலேயே புனே டாக்சி கிடைக்கும். இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்: விரைவுச்சாலை வழியாக மும்பையிலிருந்து வருகிற வண்டி ஊருக்குள் நுழையும் முன்பே வாகட்டைத் தொட்டுவிடும். லோஹகாவ் ஊரின் மறுகோடி. ஆகவே புனேக்கே விமானம் பிடித்து வருவது உனக்குத்தான் வசதி, அவனுக்கு இல்லை. டாக்சி கிளம்பியதும் ஒரு செய்தி அனுப்பு. விடிவதற்குள் வாசலில் நிற்பாய். சொஸைட்டி கேட்டில் வாட்ச்மேன் உன் பெயரைக் கேட்டு மேலே போன் போடுவான். அவனிடம் சண்டை போடாதே.

அடுத்தது லீவு. “நான் வருகிற வாரம் லீவு போட்டுவிடு” என்று எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன். வாபஸ் வாங்கு. அவன் மிச்சம் வைத்திருக்கிற லீவெல்லாம் ஊரில் கல்யாணத்துக்கும் அப்பாவின் ஆஸ்பத்திரிக்கும் வேண்டும். நடுவில் ஒரு சனி ஞாயிறு விழும்படி வா. மற்ற நாட்களில் அவன் வேலைக்குப் போகட்டும்.

“அப்போது பகலெல்லாம் நான் என்ன செய்வேன்?” இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முதல் சில நாள் உனக்குக் காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரத்தை உருட்டாதே. போனைப் பார்த்துக்கொண்டு படுத்திரு. அவன் அப்பா ஐந்தரைக்கு எழுந்திருப்பார். அவரோடு நடக்கப் போ. புனேக்காரர்களுக்கு விடிகாலையில் குன்று ஏறுகிற பழக்கம் உண்டு. ஊரைச் சுற்றி வேதாள் டேக்டி, தள்ஜாய், நூற்றுமூன்று படி ஏறுகிற பர்வதி என்று குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. டிசம்பர் விடியலில் பத்து டிகிரி வரை இறங்கும். ‘எங்கள் ஊரில் பார்க்காத குளிரா’ என்று மேல்சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பாதே. ஸ்வெட்டர் எடுத்து வா.

அந்தப் பெரியவர் கோயம்புத்தூரில் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்து இருப்பவர். கீழே பெஞ்சில் உட்காருகிற மராத்தித் தாத்தாக்களோடு அரைகுறை இந்தியில் பேசி நாளை ஓட்டுகிறார். காது கொடுத்துக் கேட்கத் தமிழ் தெரிந்த ஒரு ஆள் கிடைத்தால் அவருக்குத் தீபாவளி. டிசம்பரில் இங்கே சவாய் கந்தர்வ இசை விழா நடக்கும். பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953இல் தொடங்கியது. பல நாள் நடக்கும், ஊரே கூடும். உன் தேதி ஒத்துவந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போ. மகனுக்கு நேரமில்லை, தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. உனக்கு இந்துஸ்தானி புரியாவிட்டால் என்ன, அவருக்குப் புரியும். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை தூங்கு. இந்த ஊரில் அது குற்றமே இல்லை. கடையைப் பூட்டிவிட்டுத் தூங்குவார்கள் என்று மகாராஷ்டிரமே புனேக்காரர்களைக் கேலி செய்யும். சாயங்காலம் பையனின் பள்ளிப் பேருந்துக்கு நீ போய் நில். உன் சிநேகிதன் வீடு திரும்பும்போது அவன் வீட்டு வேலையில் இரண்டு முடிந்திருக்கும். அப்போது அவன் உட்காரும் நாற்காலியே வேறு மாதிரி இருக்கும் பார்.

இனி சாமான். சாக்லேட் பைகளைத் தூக்கிக்கொண்டு வராதே. அந்தச் சாக்லேட் இப்போது வாகட்டில் முக்குக் கடையிலேயே கிடைக்கிறது. நீ மாற்றிவிட்ட பழைய போனையும் கொண்டுவராதே. அன்பளிப்பு என்ற பெயரில் பழசைத் தள்ளிவிடுவதைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவன் மனைவியிடம் கேட்டு, அவள் சொல்கிற ஒன்றை மட்டும் வாங்கு. “ஒன்றும் வேண்டாம் அண்ணா” என்றால் ஒன்றும் வாங்காதே. நம்பு.

கொண்டுவருவதைவிட வாங்கிக்கொள்வதில்தான் உங்களுக்குக் கஷ்டம். கிளம்புகிற அன்று சித்தளே கடை பாக்கர்வடி, கயானி பேக்கரி ஷ்ரூஸ்பரி பிஸ்கட், அப்பா கையால் கட்டின ஊறுகாய் என்று நீட்டுவார்கள். “ஐயோ, எடை கூடிவிடும்” என்று பெட்டியைத் தூக்கிக் காட்டாதே. கல்கத்தாவிலிருந்து காந்தி மூன்றாம் வகுப்பில் ஊர் திரும்ப முடிவு செய்தபோது, கோகலே ஒரு டிபன் பெட்டி வாங்கி, அதில் இனிப்பு உருண்டையும் பூரியும் நிரப்பிக் கொடுத்தார். வழியனுப்ப வர வேண்டாம் என்று காந்தி சொல்லியும் கேட்காமல் ஸ்டேஷனுக்கு வந்தார். நீ முதல் வகுப்பில் போயிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்றாராம். கொடுக்கிறதை வாங்கிக்கொள்வதும் சிநேகத்தில் சேர்த்திதான். பாக்கர்வடிக்கு இடம் விட்டு இரண்டு சட்டையைக் குறை.

சாப்பாட்டில் உனக்கு இப்போது ஏதோ விரதம் என்று உன் அம்மா சொன்னாள். பால் இல்லை, கோதுமை இல்லை, ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒன்றுமில்லை. இரு, தப்பில்லை. காந்தியைவிடப் பிடிவாதமான விருந்தாளியா நீ? 1915 தொடக்கத்தில் அவர் புனே வந்தபோது பழமும் கொட்டையும்தான் ஆகாரம். கோகலே அவருக்காக இந்தியச் சேவையாளர் சங்கத்தில் ஒரு விருந்து வைத்தபோது வேர்க்கடலை, பேரீச்சை, பழம் என்று முன்கூட்டியே வரவழைத்து வைத்திருந்தார். தெரிந்திருந்ததால் வைக்க முடிந்தது. நீயும் முன்கூட்டியே சொல். தட்டில் பரிமாறிய பிறகு “இதில் நெய் இருக்கா?” என்று ஆராய்ச்சி செய்யாதே.

அந்த விருந்தில் நடந்ததையும் கேள். கோகலேக்கு உடம்பு மிகவும் முடியவில்லை. அறையிலிருந்து விருந்து நடந்த இடம் சில அடிதான், அதைக்கூட நடக்கிற நிலையில் இல்லை. ஆனாலும் வருவேன் என்று வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார், தூக்கிக்கொண்டு போனார்கள். நினைவு திரும்பியதும், விருந்து நிற்க வேண்டாம், நடக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். கூப்பிட்ட வீட்டுக்காரனின் சுபாவம் எல்லா ஊரிலும் இப்படித்தான். முடியவில்லை என்று அவன் வாயால் வராது. அவன் முகத்தைப் பார்த்து “இன்றைக்கு வெளியே போக வேண்டாம், ரசம் சாதம் போதும்” என்று சொல்ல வேண்டியவன் நீ.

பணம். நீ வாய் திறந்தால் டாலர் கணக்கு வரும் என்று எனக்குத் தெரியும். “ஒரு காபி இருநூறு ரூபாயா!” என்று வியக்காதே, “அவ்வளவுதானா!” என்றும் வியக்காதே. இரண்டும் அவன் காதில் ஒரே மாதிரி விழும். எல்லா இடத்திலும் நீயே பணம் கட்டப் பாய்வதும் கூடாது. அதே சமயம், உன் இந்திய எண்ணும் யுபிஐயும் செத்துக் கிடந்தால் இளநீர்க்காரருக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் அவன்தான் போனை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வந்த அன்றே சில்லறை நோட்டாகக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள். வாரச் சந்தைக் காய்கறி, ஒரு நாள் வெளிச் சாப்பாடு, இந்த இரண்டும் உன் செலவு என்று முதல் நாளே பேசி முடி.

அவன் செலவுக்குத் தணிக்கைக்காரனாக மட்டும் ஆகாதே. எதற்கு இரண்டு வேலைக்கார மாவ்ஷி, எதற்கு இவ்வளவு பள்ளிக் கட்டணம், இந்த நெரிசலில் எதற்குப் பெரிய கார்? காந்தியே இதில் வழுக்கினார். கல்கத்தாவில் கோகலே குதிரை வண்டியில் போவதைப் பார்த்து, ‘டிராமில் போனால் தலைவருக்குக் கௌரவக் குறைச்சலா’ என்ற மாதிரிக் கேட்டுவிட்டார். கோகலே நொந்துபோனார். நீகூடவா என்னைப் புரிந்துகொள்ளவில்லை, உன்னைப் போல் டிராமில் போக எனக்கும் ஆசைதான், ஊருக்கெல்லாம் முகம் தெரிந்துவிட்டால் அது முடியாது என்று விளக்கினார். அதோடு விட்டாரா காந்தி? நடக்கக்கூடப் போவதில்லையே, உடம்பு எப்படித் தேறும் என்று அடுத்த கேள்வியைப் போட்டார். எனக்கு எங்கே நேரம் இருக்கிறது என்றார் கோகலே. நடந்ததை ஒளிக்காமல் காந்தி எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. வெளியிலிருந்து வருகிறவனுக்குச் செலவு கண்ணில் படும், காரணம் படாது.

பேச்சுக்கு வருவோம். உனக்கு உள்ளூர இருக்கிற பயம் இதுதான், இல்லையா? விடுதிக் கதைகள் முதல் ராத்திரியே தீர்ந்துவிடும், அப்புறம் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று. தீரட்டும். முதல் ராத்திரிக்கு மேல் அந்தக் கதைகளை இழுக்கவும் கூடாது. அவன் மனைவியும் பிள்ளையும் எத்தனை நேரம் சிரிப்பதுபோல் நடிப்பார்கள்? பேச்சு தானாக வர வேண்டுமானால் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். காரை சர்வீசுக்கு விடப் போகிறானா, கூடப் போ. குழாய் ஒழுகுகிறதா, சேர்ந்து மாற்று. கோகலே தென்னாப்பிரிக்கா போயிருந்தபோது, ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் அவருக்கு விருந்து வைத்த அன்று, அவருடைய குரு ரானடே தந்த அங்கவஸ்திரம் கசங்கியிருந்தது. சலவைக்குக் கொடுத்து வாங்க நேரமில்லை. நான் இஸ்திரி போடுகிறேன் என்றார் காந்தி. வக்கீலாக உன்னை நம்புவேன், வண்ணானாக நம்ப மாட்டேன் என்றார் கோகலே. கடைசியில் காந்தி வாதாடி வாங்கி, நன்றாகவே தேய்த்துக் கொடுத்துப் பாராட்டும் பெற்றார். அரசியல் பேசின நேரமெல்லாம் போக, இந்த இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நின்ற நேரமும் அந்தச் சிநேகத்தின் கணக்கில் இருக்கிறது.

இரண்டு பேச்சை மட்டும் எடுக்காதே. ‘நீயும் அப்போதே கிளம்பி வந்திருக்கலாம்’ ஒன்று. ‘நான்தான் இங்கேயே இருந்திருக்க வேண்டும்’ இன்னொன்று. முதலாவது அவன் வாழ்க்கையைக் குறைக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் அவன் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு, மறுநாள் காலையில் மீட்டிங்கை வைத்துக்கொண்டு. நாடு எப்படிப் போகிறது, சாலை ஏன் இப்படி, ஹாரன் ஏன் இத்தனை என்ற தீர்ப்புகளையும் கொஞ்சம் தள்ளிவை. இருபது வருஷத்துக்கு மேல் தென்னாப்பிரிக்காவில் போராடிப் பேர் வாங்கிய காந்தியிடமே, ஒரு வருஷம் ஊரைச் சுற்றிப் பார், அதுவரை பொது விஷயத்தில் கருத்து எதுவும் சொல்லாதே என்று வாக்கு வாங்கினார் கோகலே. உனக்கு ஒரு வாரம்தானே? வாயை அடக்க முடியாதா?

ஊர் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவனாகச் சொல்லட்டும், அவனுக்கு எது பிடிக்குமோ அங்கே போ. பையன் பாடத்தில் படித்துவிட்டு ஆகா கான் மாளிகையைப் பார்க்க வேண்டும் என்றால் அவனை அழைத்துக்கொண்டு போ. மெட்ரோவில் கல்யாணி நகர் வரைக்கும் போகலாம். காந்தியை 1942 ஆகஸ்டிலிருந்து 1944 மே வரை அடைத்து வைத்திருந்த இடம். மகாதேவ தேசாயும் கஸ்தூர்பாவும் காவலில் இருந்தபடியே அங்கே இறந்தார்கள். வைஷாலிக்கு வேலை நாள் விடிகாலையில் போனால் உடனே இடம் கிடைக்கும்; ஞாயிறு போனால் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். மகாபலேஷ்வரை அடித்துவிடு. போக வர ஒரு நாள் முழுக்கப் போகும், அந்த ஒரு நாள் அவனுடைய ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்.

என்னைப் பார்க்க வருவதைப் பற்றி நீ எழுதியதையும் படித்தேன். கோத்ரூடுக்கு ஒரு காபிக்கு வந்தால் போதும். அத்தை விருந்து என்று ஆரம்பிப்பாள்; நான் பேசிக்கொள்கிறேன். ராஸ்தா பேட்டையில் உன் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை, கட்கியில் பெரியம்மா பிள்ளை என்று உன் அம்மா இன்னொரு பட்டியல் தருவாள். அவர்களுக்கெல்லாம் போன் செய். சொந்தக்காரர்களைப் பார்க்கக் கல்யாணம் காட்சி வரும். சிநேகிதனைப் பார்க்க அப்படி ஒரு முகூர்த்தமும் வராது. நீயாகக் கிளம்பினால்தான் உண்டு.

“அடுத்த வருஷம் நிதானமாக வரலாமே” என்று கடைசி வரியில் ஒரு யோசனையும் வைத்திருக்கிறாய். பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே, கணக்கைச் சொல்கிறேன். 1914இல் கோகலேயைச் சந்திக்கவே காந்தி லண்டன் போனார். அவர் போய் இறங்குவதற்குள் உலகப் போர் மூண்டு, கோகலே பாரிசில் மாட்டிக்கொண்டார். காந்தி காத்திருக்க நேர்ந்தது. 1915 ஜனவரி 9 அன்று காந்தி பம்பாயில் வந்து இறங்கினார். இனி பக்கத்திலேயே இருந்து வேலை செய்யலாம் என்பது இருவர் கணக்கும். ஆசிரமச் செலவு என் பொறுப்பு என்றுகூடக் கோகலே சொல்லியிருந்தார். பிப்ரவரி 19 அன்று கோகலே போய்விட்டார். காந்தி அப்போது சாந்திநிகேதனில். கோகலேக்கு வயது நாற்பத்தெட்டு. டிசம்பர் டிக்கெட்டை மாற்றாதே.

இன்னும் ஒரு வேலை பாக்கி. நீங்கள் எல்லோரும் கிளம்பும்போது “நீயும் ஒரு தடவை அங்கே வாடா” என்று சொல்லிவிட்டு டாக்சி ஏறுவீர்கள். அது அழைப்பே இல்லை. காந்தி கோகலேயைத் தென்னாப்பிரிக்காவுக்கு வாருங்கள் என்று சும்மா சொல்லவில்லை. 1912 அக்டோபரில் அவர் கேப்டவுனில் இறங்கியதிலிருந்து கூடவே இருந்து, ஊர் ஊராக அழைத்துப்போய், டால்ஸ்டாய் பண்ணையில் தங்கவைத்து, திரும்பும்போது கப்பலிலும் சான்சிபார் வரை கூட வந்தார். பண்ணையில் உபசாரம் மிஞ்சிப்போய், கஷ்டப்பட நீங்கள், சொகுசாக இருக்க நாங்களா என்று கோகலேயிடம் திட்டும் வாங்கினார். அதுவரை ஒருவர் மட்டும் விருந்தாளி, மற்றவர் மட்டும் வீட்டுக்காரர். அதற்கப்புறம் இருவரும் இரண்டும் ஆனார்கள்.

உன் சிநேகிதனுக்கு ஒரு தேதி சொல். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டுமானால் ஊர் திரும்பிய வாரமே எழுதி அனுப்பு. அதற்கும் முன்னால், இங்கே இருக்கும்போதே அவனையும் அவன் மனைவியையும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லித் தேதியைப் பார். காலாவதியாகியிருந்தால் முந்த்வாவில் சேவை மையம் இருக்கிறது. அவன் ஆபீசில் இருக்கிற ஒரு மத்தியானம் உட்கார்ந்து விண்ணப்பத்தை நீயே நிரப்பிக் கொடு. அப்பாவுக்கும் சேர்த்து. அவர் வர மாட்டேன் என்பார். என்றாலும் நிரப்பு.

அன்புடன்,
மாமா